சண்டிகர் நாற்காலி என்றால் எனக்கு உயிர்

உலகத்தில் எத்தனையோ நாற்காலிகள் இருக்கின்றன. எது அழகு என்று என்னைக் கேட்டால் ஒரு நொடிகூட யோசிக்க மாட்டேன். சண்டிகர் அரசு அலுவலகங்களுக்காக பியர் ழானெரே வடிவமைத்த தேக்கு நாற்காலிதான். பக்கவாட்டில் நின்று பாருங்கள். ஜியோமெட்ரி பாக்ஸ் காம்பஸை விரித்து நிறுத்தியதுபோல் இரண்டு கால்கள், மேலே கூடி, கீழே அகன்று. அவை கூடும் இடத்தில் கை வைக்க ஒரு தட்டையான கட்டை. நடுவில் பிரம்பு பின்னிய இருக்கை. முதுகுச் சட்டமும் பிரம்புதான். இருக்கையோடு ஒட்டாமல், இடையில் நல்ல இடைவெளி விட்டு, லேசாகப் பின்னால் சாய்ந்து நிற்கும். அவ்வளவுதான் நாற்காலி. ஓர் ஆணி, ஒரு பூவேலை, ஒரு வளைவுகூட அலங்காரத்துக்காக வைத்ததில்லை. ஆனாலும் பார்த்த மாத்திரத்தில் ஆள் சொக்கிப்போகிறான்.

இன்றைக்கு இதன் மறுபதிப்புகள் இல்லாத ஊர் இல்லை. ஓட்டல் வரவேற்பறை, காபிக் கடை, கட்டட நிபுணர்களின் அலுவலகம், பத்திரிகைகளில் வரும் பணக்கார வீடுகளின் சாப்பாட்டு மேசை என்று எங்கே பார்த்தாலும் அந்தத் தலைகீழ் வி வடிவக் கால்கள். அதைச் செய்தவர் பெயர் மட்டும் பலருக்குத் தெரியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ழானெரே 1896-இல் ஜெனீவாவில் பிறந்தவர். புகழ்பெற்ற கட்டட வல்லுநர் லே கார்புசியருக்குச் சித்தப்பா பெரியப்பா வழிச் சொந்தம். கார்புசியரின் உண்மைப் பெயரிலும் ழானெரே உண்டு. இருவரும் 1922 முதல் பாரிஸில் கூட்டாகத் தொழில் செய்தார்கள். 1920-களின் கடைசியில் வடிவமைப்பாளர் ஷார்லோட் பெரியாண்ட் சேர்ந்துகொள்ள, மூன்று பேருமாக எஃகுக் குழாய்களை வளைத்துச் செய்த நாற்காலிகள் நவீன அறைகலன் வரலாற்றில் முதல் பக்கத்தில் நிற்கின்றன. புகழ் பெரும்பாலும் கார்புசியர் கணக்கில் போய்ச் சேர்ந்தது. ழானெரே அதைப் பற்றி அலட்டிக்கொண்ட ஆளே இல்லை. கூச்ச சுபாவம், கைவேலையில் தீராத ஆசை. போர்க்காலத்தில் இருவரும் பிரிந்தார்கள். ழானெரே கிரனோபிளுக்குப் போய் நாஜி எதிர்ப்பு இயக்கத்தோடு சேர்ந்தார். போர் முடிந்தபின் அமெரிக்க நோல் நிறுவனத்துக்காக அவர் செய்த கத்தரிக்கோல் நாற்காலியில் கால்கள் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். சண்டிகர் கால்களின் விதை அதில் கிடக்கிறது என்பது என் எண்ணம்.

பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குப் போய்விட, இந்தியப் பஞ்சாபுக்குத் தலைநகர் இல்லாமல் போயிற்று. புதிதாக ஒன்று கட்டவேண்டும். முதலில் திட்டம் போட்டவர்கள் ஆல்பர்ட் மேயரும் மாத்யூ நோவிட்ஸ்கியும். 1950-இல் நோவிட்ஸ்கி விமான விபத்தில் இறந்துபோக, வேலை கார்புசியர் கைக்கு வந்தது. கூடவே மாக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூ தம்பதி. பழைய மனத்தாங்கலை ஒதுக்கிவைத்துவிட்டு ழானெரேவும் 1951-இல் வந்து சேர்ந்தார். கார்புசியர் வருடத்துக்கு இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போவார். ழானெரே அங்கேயே தங்கிவிட்டார். வெயில், புழுதி, மழை எல்லாவற்றையும் சேர்த்து 1965 வரை. உடல்நிலை கெட்டுத்தான் ஜெனீவா திரும்பினார். 1967-இல் இறந்தார். அவருடைய அஸ்தியை சண்டிகரின் சுக்னா ஏரியில்தான் கரைத்தார்கள். அந்த ஊர் மேல் அவருக்கு இருந்த பாசத்துக்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

ஊர் எழும்பிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு கவலை வந்தது. தலைமைச் செயலகம், உயர் நீதிமன்றம், சட்டமன்றம், பல்கலைக்கழகம், பள்ளிகள், அதிகாரிகளின் வீடுகள் எல்லாவற்றுக்கும் மேசை நாற்காலி வேண்டும். ஆயிரக்கணக்கில் வேண்டும். அரசிடம் பணம் குறைவு. பெரிய தொழிற்சாலை கிடையாது. இதே காலத்தில் அமெரிக்காவில் ஈம்ஸ் தம்பதிக்கு ஒட்டுப்பலகையை அச்சில் அழுத்தி வளைக்க இயந்திரம் இருந்தது, கண்ணாடி இழையை வார்க்க ஆலை இருந்தது. டென்மார்க்கில் ஹான்ஸ் வெக்னருக்குத் தேர்ந்த பட்டறைகள் இருந்தன. ழானெரே கையில் இருந்தது தேக்கு, பிரம்பு, உளியும் இழைப்புளியும் பிடித்த உள்ளூர்த் தச்சர்கள். அவ்வளவுதான்.

அந்த ‘அவ்வளவுதான்’ என்பதில் இருந்து அவர் என்ன செய்தார் என்று பாருங்கள்! எனக்கு இதை நினைத்தாலே புல்லரிக்கும். மரத்தை வளைக்க வசதி இல்லை, ஆகவே எல்லாமே நேர்க்கட்டைகள். தச்சர்களுக்குள் கைத்திறமை ஏறியும் இறங்கியும் இருக்கும், ஆகவே கொஞ்சம் முன்பின் ஆனாலும் தாங்குகிற தடித்த சட்டங்கள். ஆபீஸ் நாற்காலியை இழுப்பார்கள், தள்ளுவார்கள், பின்னால் சாய்த்து ஆடுவார்கள். நாலு தனிக் கால்கள் வைத்தால் மூட்டு விட்டுப்போகும். ஆகவே முன்காலும் பின்காலும் உச்சியில் சேர்ந்து முக்கோணமாகிவிட்டன. முக்கோணத்தை அசைக்க முடியாது. பஞ்சாப் வெயிலில் மெத்தை வைத்தால் முதுகு நனைந்துபோகும். பிரம்புக் கண்கள் வழியே காற்று போகும். தேக்குக்கு இயல்பிலேயே எண்ணெய்ப் பசை, கரையான் கிட்டே வராது. கொஞ்சம் சீசம் மரத்திலும் செய்தார்கள். ஒவ்வொரு அழகுக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. காரணத்தைத் தெரிந்துகொண்டபின் அந்த அழகு இன்னும் ஒரு படி ஏறிவிடுகிறது.

இதில் ழானெரே ஒருவருக்கே மாலை போடுவது நியாயம் இல்லை. அவர் அலுவலகத்தில் இளம் இந்தியக் கட்டட வல்லுநர்கள் ஒரு கூட்டமே இருந்தது. ஊர்மிளா யூலி சௌத்ரி, ஜீத் மல்ஹோத்ரா, ஆதித்ய பிரகாஷ், எம்.என். சர்மா என்று பெயர்களை அடுக்கலாம். அறைகலன் வரைவுகளில் யூலி சௌத்ரியின் கை நிறையவே உண்டு. மறுபதிப்புச் செய்கிறவர்கள் ழானெரே பெயரைப் பெரிதாகப் போட்டுவிட்டு இவரை விட்டுவிடும்போது எனக்குக் கோபமே வரும்.

சண்டிகருக்குப் போய் முதலில் நான் தேடிப் போனது பஞ்சாப் பல்கலைக்கழக நூலகத்தை. அங்கே பேராசிரியராக இருக்கும் ஒரு நண்பர் கூட்டிப்போனார். படிக்கும் கூடத்தில் நீள மேசைகள், ஒவ்வொன்றிலும் மேசையோடு சேர்த்தே செய்த விளக்கு. அதற்கு எதிரே வரிசையாக நாற்காலிகள். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண் துப்பட்டாவை முதுகுச் சட்டத்தில் தொங்கவிட்டிருந்தாள். பாரிஸ் ஏலத்தில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிற பொருள், இங்கே பால்பாயிண்ட் கிறுக்கலோடு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

காலியாக இருந்த ஒன்றில் உட்கார்ந்தேன். முதலில் தெரிந்தது கை. முழங்கையில் இருந்து மணிக்கட்டு வரை மரம் முழுசாகத் தாங்குகிறது. அகலமான கட்டை, ஓரங்கள் மழுங்கி, அறுபது எழுபது வருட உள்ளங்கைகள் தேய்த்துத் தேய்த்துப் பட்டாகியிருக்கிறது. பிறகு முதுகு. நாற்காலி உங்களைச் சாய்த்துப் படுக்கவும் வைக்காது, நிமிர்த்தி விறைக்கவும் வைக்காது. எழுதவும் வாகு, ஓய்ந்து உட்காரவும் வாகு. பிரம்பு அரை அங்குலம் இறங்கிக் கொடுத்து நின்றுவிடுகிறது. எழுந்து, குனிந்து, பின்பக்கம் பார்த்தேன். மேல் சட்டத்தில் வெள்ளைப் பெயிண்டில் அச்சுத்தகடு வைத்து எழுதிய துறைப் பெயரும் எண்ணும். அரசாங்கக் கணக்கு எழுத்து. அந்த எழுத்து இருந்தால் இன்றைக்கு வெளிநாட்டு ஏலத்தில் விலையே வேறு.

பக்கத்து நாற்காலியை ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒன்றின் கால் இன்னொன்றைவிடக் கொஞ்சம் தடிமன். கைக்கட்டையின் முனை ஒன்றில் உருண்டை, மற்றதில் சற்றுத் தட்டை. ஏன் என்றால், வரைபடம் ஒன்றாக இருந்தாலும் வேலை பல பட்டறைகளுக்குப் போயிற்று. செய்த ஆசாரி ஒவ்வொருவரும் தன் உளியின் பழக்கத்தை அதில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

இவ்வளவு அருமையான பொருளை நாம் எப்படி வைத்திருந்தோம் என்பது நெஞ்சு எரிகிற கதை. 1980, 90-களில் எஃகும் பிளாஸ்டிக்கும் ரெக்ஸினும் வந்தன. பிரம்பு கிழிந்தால் பின்னித்தர ஆள் தேட யாருக்கும் பொறுமை இல்லை. கிழிந்ததையும் கால் ஆடுவதையும் மொட்டை மாடியில் குவித்தார்கள்; மழையில் நனைந்தது, வெயிலில் வெடித்தது. பிறகு கழிவுப் பொருளாக ஏலம் விட்டார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் பாரிஸ் வியாபாரிகள் சிலர் வந்து அந்தக் குவியல்களை முறையாகவே ஏலத்தில் எடுத்தார்கள். கொண்டுபோய்ப் பழுது பார்த்து, பிரம்பு பின்னி, புத்தகம் போட்டு, கண்காட்சி வைத்தார்கள். அப்புறம் கிறிஸ்டீஸ், சோத்பீஸ் என்று பெரிய ஏலக் கூடங்களில் ஒற்றை நாற்காலி ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகத் தொடங்கியது. விழித்துக்கொண்ட மத்திய உள்துறை அமைச்சகம் 2011-இல் இவற்றை விற்கவோ வெளிநாடு அனுப்பவோ கூடாது என்று ஆணை போட்டது. நகரம் முழுக்கக் கணக்கெடுத்ததில் மிச்சம் இருந்தவை 12,793 உருப்படிகள். 2016-இல் தலைமைச் செயலகம், சட்டமன்றம், உயர் நீதிமன்றம் நிற்கும் கேபிடல் வளாகம் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது.

அமெரிக்கக் கலைஞர் ஏமி சீகல் 2013-இல் ‘ப்ராவனன்ஸ்’ என்று ஒரு படம் எடுத்தார். பேச்சே கிடையாது. நியூயார்க், லண்டன் பணக்கார வீடுகளில் நாற்காலிகள் நிற்பதில் தொடங்கி ஏலம், பழுதுபார்க்கும் பட்டறை, கப்பல் என்று பின்னோக்கியே போய் சண்டிகர் அலுவலகத்தில் வந்து முடியும். கிடைத்தால் அவசியம் பாருங்கள். அந்தக் கடைசிக் காட்சிகளில் கோப்புக் கட்டுகளுக்கு நடுவே அதே நாற்காலி நிற்கும்போது மனம் என்னவோ செய்யும்.

பழசு கிடைக்காது, கிடைத்தாலும் வாங்கக் கூடாது. அப்படியானால் என்னைப் போன்ற பைத்தியங்கள் என்ன செய்வது? மறுபதிப்புதான். இங்கே சில ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள். “காப்பியடித்ததை வாங்குவதா?” என்பார்கள். மற்ற நாற்காலிகளைப் பற்றி அவர்கள் சொன்னால் நானும் யோசிப்பேன். சண்டிகர் நாற்காலி விஷயத்தில் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். இது பிறந்ததே பல பட்டறைகளில் பல கைகளால் திரும்பத் திரும்பச் செய்வதற்காகத்தான். ‘முதல் நாற்காலி’ என்று பூட்டிவைக்க ஒன்று இதில் இல்லை. 1955-இல் ஓர் ஆசாரி வரைபடத்தைப் பார்த்துத் தேக்கில் அறுத்துச் செய்தார். இன்று ஒருவர் அதே தேக்கில், அதே மூட்டு வைத்து, அதே மாதிரி பிரம்பு பின்னிச் செய்கிறார். இரண்டுக்கும் நடுவே காலம்தான் வித்தியாசம். இத்தாலியின் கஸ்ஸினா நிறுவனம் 2019-இல் ழானெரே நினைவாக ஒரு வரிசை வெளியிட்டது. பெங்களூரின் ஃபாண்டம் ஹேண்ட்ஸ் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. நம் மண்ணில், நம் தச்சர்கள் கையால் இந்த நாற்காலி மறுபடி பிறந்து உலகமெல்லாம் போகிறது என்பதில் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நான் வாங்கியது பெங்களூருக்கு வெளியே ஒரு சிறிய பட்டறையில். பெயர்ப்பலகைகூடக் கிடையாது. முன்பணம் கொடுத்தபின் வேலை நடக்கும்போதே போய்ப் பார்க்க விட்டார்கள். அந்த நாளை மறக்க மாட்டேன். பழைய வீடு இடித்த உத்தரத் தேக்கு, உள்ளே நல்ல வைரம் பாய்ந்தது. மேல்தோலைச் சீவியவுடன் பட்டறை முழுக்க அந்த எண்ணெய் வாசனை. “இந்தப் பக்கம் ரேகை பாருங்க சார், கால் நீளத்துக்கு ஓடுது. குறுக்கால ஓடினா என்னைக்காவது பிளந்துக்கும்” என்று மூத்த ஆசாரி காட்டினார். கழுந்தைத் துளையில் இறக்கும்போது கொட்டாப்புளியால் ரெண்டே தட்டு. உள்ளே போய் உட்கார்ந்த சத்தம் மாறியது. “இனி யானை உட்காரலாம்” என்றார்.

பிரம்பு வேலைதான் எனக்குத் திருவிழா. ஓர் அம்மா தரையில் சட்டத்தை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தண்ணீர் வாளி, அதில் ஊறும் பிரம்புப் பட்டைகள். ஊறினால்தான் ஒடியாமல் வளையும். சட்டத்தின் நாலு பக்கமும் சின்னச் சின்னத் துளைகள். முதலில் முன்னிருந்து பின்னாக இழுத்துக் கட்டினார். அதன் மேல் குறுக்காக ஒரு வரிசை. மறுபடி முன்பின்னாக. அடுத்த குறுக்கு வரிசை வரும்போதுதான் நெசவே தொடங்குகிறது, ஒன்றின் மேல், ஒன்றின் கீழ். கடைசியில் மூலைக்கு மூலை ஒன்று, எதிர் மூலைக்கு இன்னொன்று. அந்த மூலைவாட்ட இழை விழ விழ, சதுரமாக இருந்த கண்கள் ஒவ்வொன்றாக எண்கோணமாக மாறுகின்றன. வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஈரம் காயும்போது பட்டைகள் இறுகும். மறுநாள் தட்டிப் பார்த்தால் மேளம் மாதிரி டங்கென்று பேசுகிறது. எத்தனை நேரம் ஆகும்மா என்று கேட்டேன். “கணக்குப் பார்த்தா கை ஓடாதுங்க தம்பி” என்றார்.

மறுபதிப்பு என்ற பெயரில் சந்தையில் வருவதெல்லாம் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். நண்பர் ஒருவர் இணையக் கடை ஒன்றில் பாதி விலைக்கு நாலு வாங்கினார். வந்தது தேக்கு நிறம் பூசிய ரப்பர் மரம். கால்கள் குச்சியாக இருந்தன, மூட்டெல்லாம் திருகாணி. பிரம்பு, இயந்திரத்தில் நெய்த பாயை வெட்டி ஓரப் பள்ளத்தில் பசை வைத்து அமுக்கியது. ஒரு மழைக்காலம் முடிவதற்குள் பாய் பிய்ந்து வந்தது. ஆகவே வாங்கும்போது கூச்சப்படாமல் நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்துங்கள். அடியில் வரிசையாகத் துளைகள் தெரிகின்றனவா, ஒவ்வொன்றிலும் பிரம்பு நுழைந்து திரும்புகிறதா என்று பாருங்கள். காலும் கைக்கட்டையும் சேரும் இடத்தில் விரல் நகம் நுழைகிறதா என்று தடவுங்கள். தூக்கிப் பாருங்கள், நல்ல தேக்கு நாற்காலி கையில் கனக்கும். கால்கள் சற்றுத் தடியாக, கொஞ்சம் முரட்டுத்தனமாகக்கூட இருக்கவேண்டும். நளினமாக இருக்கட்டும் என்று சிலர் கால்களை மெலிய வைக்கிறார்கள். அதோடு ழானெரே போய்விடுகிறார். அந்தத் தடிமனில்தான் நாற்காலியின் தைரியம் இருக்கிறது.

விலை கொஞ்ச நஞ்சம் இல்லை, ஒளிக்காமல் சொல்கிறேன். ஆனால் கொடுத்த ஒவ்வொரு ரூபாயும் தகும். வீட்டுக்கு வந்த நாளில் இருந்து அது சும்மா இருந்ததே இல்லை. காலையில் நான் எழுத உட்கார்ந்தால் மதியம் அப்பா பேப்பரோடு பிடித்துக்கொள்கிறார். முட்டிவலிக்காரர், இரண்டு கைக்கட்டைகளையும் அழுத்திக்கொண்டு அவர் தானாக எழுந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த அகலக் கட்டையை வரைந்த கைக்கு ஒரு கும்பிடு போடத் தோன்றும். பொண்ணு குறுக்கே உட்கார்ந்து ஒரு கைக்கட்டையில் முதுகும் மறு கைக்கட்டையில் காலுமாகக் கிடப்பாள். அதற்கும் அது இடம் கொடுக்கிறது!

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பிரம்பு நாளடைவில் தொய்ந்தால் வெந்நீரில் நனைத்த துணியை அடிப்பக்கமாக வைத்து நன்றாக ஈரமாக்கி, நிழலில் காயவிட்டால் இறுகிவிடும். வெயிலில் வைத்தால் ஒடியும். தேக்குக்கு வருடத்தில் ஒருமுறை மெல்லிய எண்ணெய்த் துடைப்பு போதும். பளபளா வார்னிஷ் மட்டும் தயவுசெய்து வேண்டாம். ஏசி அறையில் அடைத்துவைத்தால் பிரம்பு வறண்டுபோகும். காற்று வருகிற இடத்தில் வையுங்கள், அதற்காகத்தான் அது பிறந்தது.

சண்டிகர் போகிறவர்கள் கேபிடல் வளாகத்தைப் பார்க்க அடையாள அட்டை எடுத்துப்போங்கள். சுற்றுலாத் துறையே அழைத்துப்போய்க் காட்டுகிறது. 19-ஆம் செக்டரில் அந்தக் கட்டட வல்லுநர்கள் வேலை பார்த்த பழைய அலுவலகம் இப்போது லே கார்புசியர் மையம். எல்லாவற்றுக்கும் மேலாக 5-ஆம் செக்டரில் ழானெரே குடியிருந்த வீடு. அதையே அவருக்கு அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் அவர் கட்டிய காந்தி பவனையும் விட்டுவிடாதீர்கள். நான் அடுத்து ழானெரேவின் தாழ்வான சாய்வு நாற்காலி ஒன்றுக்கு அதே பட்டறையில் முன்பணம் கட்டியிருக்கிறேன். தீபாவளிக்கு முன்னால் தருகிறேன் என்று ஆசாரி சொல்லியிருக்கிறார். கூடத்தில் அதற்கு இடம் ஒழித்தாகிவிட்டது.